தோழி எந்த வாசல் வழியாக வந்தாள்?

பெண்களுக்குள் மெய்யான நட்பு உண்டாகிவிட்டால் அங்கே மேல் கீழ் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று ஒரு கருத்து இலக்கியக் கூட்டங்களில் சட்டம்போல நிலைத்துவிட்டது. திருவனந்தபுரத்தில் இதைச் சற்று அதிகமாகவே கேட்கலாம். புத்தகம் பற்றிப் பேச ஆள் கூடாத வாரம் இந்த ஊரில் கிடையாது. பாளையத்தில் ஓர் அறை, இல்லாவிட்டால் மானவீயம் வீதியில் நாலு நாற்காலி. எடுத்துக்கொண்ட நாவல் எலேனா ஃபெரான்ட்டேயின் நேப்பிள்ஸ் தொடராக இருக்கலாம், கமிலா ஷம்ஸியின் ‘பெஸ்ட் ஆஃப் ஃப்ரெண்ட்ஸ்’ ஆக இருக்கலாம், ஆர். ராஜஸ்ரீயின் ‘கல்யாணியென்னும் தாக்ஷாயணியென்னும் பேராய ரண்டு ஸ்த்ரீகளுடெ கத’யாக இருக்கலாம். பேச்சு போய்ச் சேருமிடம் மட்டும் மாறாது. அந்தத் தோழமை வர்க்கத்தையும் சாதியையும் கடந்து நின்றது என்பார்கள். கைதட்டுவார்கள். அப்புறம் கட்டன் சாயா.

இந்தக் கருத்து தவறு. இந்த நாவல்கள் எதுவும் அப்படிச் சொல்லவில்லை. சொல்வதாக நாம் பிடிவாதம் பிடிக்கிறோம்.

காதல் விஷயத்தில் நாம் இவ்வளவு வெள்ளந்திகளாக இருப்பதில்லை. இதே ஊரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த ஹெப்சிபா ஜேசுதாசன் 1964இல் ‘புத்தம் வீடு’ எழுதினார். வீழ்ந்துகொண்டிருக்கும் பெரிய வீட்டுப் பெண் லிஸி, பனையேறியின் மகன் தங்கராஜை விரும்புகிறாள். அதைப் படித்த யாரும் ‘காதல் வந்துவிட்டதே, இனி அந்தஸ்து எங்கே’ என்று கேட்கவில்லை. காதலுக்குள் அந்தஸ்து கல்லாக உட்கார்ந்திருக்கிறது, அதைப் புரட்ட முடியுமா முடியாதா என்பதே கதை என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நட்பு என்றவுடன் மட்டும் அந்தப் புத்தி எங்கே போய்விடுகிறது? ஆணும் பெண்ணும் சேர்ந்தால் சமூகம் உள்ளே வரும், இரண்டு பெண்கள் சேர்ந்தால் சமூகம் வெளியே நின்று காத்திருக்கும் என்று யார் சொன்னது? பெண்களின் உறவை இப்படிச் சமூகத்துக்கு வெளியே தூக்கி வைப்பது பாராட்டுப்போலத் தெரியும். உண்மையில் அது பெண்களை விவரம் அறியாதவர்களாக நினைக்கும் பழைய பழக்கம்தான்.

ஃபெரான்ட்டேயில் லீலாவும் லேனுவும் ஒரே தெருவில் பிறந்தவர்கள். செருப்புத் தைப்பவரின் மகளுக்கு அப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்துகிறார். நகராட்சி அலுவலகக் காவலாளியின் மகளுக்கு ஆசிரியையின் வற்புறுத்தலால் மேற்படிப்புக் கிடைக்கிறது. மொத்த நான்கு புத்தகமும் அந்த ஒரு பிரிவினையிலிருந்து முளைக்கிறது. ஒருத்தி பீசாவுக்குப் படிக்கப் போகிறாள், மற்றவள் இறைச்சித் தொழிற்சாலையில் கை புண்ணாகிறாள். நட்பு அதைக் கடக்கவில்லை. அதையே தின்று வளர்கிறது, அதனால்தான் அவ்வளவு காட்டமாக இருக்கிறது. ஷம்ஸியின் நாவலில் கராச்சிப் பள்ளித் தோழிகள் இருவருமே வசதியானவர்கள். ஆனால் ஒருத்தியின் அப்பா கிரிக்கெட் பற்றி எழுதிப் பேசிச் சம்பாதிப்பவர், மற்றவள் தோல் சாமான் கம்பெனியின் வாரிசாக வளர்ந்தவள். லண்டனில் நாற்பது வயது தாண்டும்போது ஒருத்தி மனித உரிமைக்காக வாதாடுகிறாள், மற்றவள் தொழில்நுட்பக் கம்பெனிகளில் பணம் போடுகிறாள். 1988இல் இருந்த அந்தச் சின்ன வித்தியாசம் வட்டி போட்டு வளர்ந்து வந்து நிற்கிறது. இதில் ‘கடந்தது’ எங்கே?

அயல்நாட்டுக் கதை நமக்கு எதற்கு? வீட்டுக்குப் பக்கத்திலேயே, நம் கருத்தைச் சோதிக்க இதைவிடக் கறாரான நாவல் ஒன்று இருக்கிறது. லலிதாம்பிகா அந்தர்ஜனத்தின் ‘அக்னிசாட்சி’. 1976இல் வந்தது. சிற்பி பாலசுப்பிரமணியம் அதைத் தமிழுக்குத் தந்து சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் பெற்றார், ஆகவே தமிழ் வாசகருக்கும் இது கைக்கெட்டும் புத்தகம். புனலூர்ப் பக்கம் கோட்டவட்டத்தில் 1909இல் பிறந்து, பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே கற்று, கதைகளாக எழுதித் தள்ளிய லலிதாம்பிகா பெரியவர்களுக்காக எழுதிய ஒரே நாவல் இது. எழுதும்போது அவருக்கு அறுபதைத் தாண்டி வெகுநாள். கேரளத்தில் இதை எப்படிப் படிக்கிறார்கள் என்று பாருங்கள். நம்பூதிரி இல்லத்தின் இருட்டறையிலிருந்து வெளியேறிய தேதிக்குட்டியின் வீரகதை. கூடவே, சாதி வேலியைத் தாண்டிய இரு பெண்களின் பேரன்பு. 1999இல் சியாமபிரசாத் ஷோபனாவையும் பிரவீணாவையும் வைத்து எடுத்த படமும் இந்த வாசிப்புக்கு நெய்யூற்றியது. முகங்கள் அழகாக இருந்தால் கணக்கு மறந்துபோகும்.

நான் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

மானம்பள்ளி இல்லத்துக்கு மருமகளாக வருகிறாள் தேதி. கணவன் உண்ணி நல்லவன், ஆனால் மந்திரமும் ஆசாரமும் போக மிச்சம்தான் மனைவிக்கு. அந்த இல்லத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் வளர்பவள் தங்கம், உண்ணியின் சிற்றப்பா மகள். நம்பூதிரிக் குடும்பங்களில் மூத்த மகன் மட்டுமே சொந்தச் சாதியில் வேளி, அதாவது கல்யாணம், கழிக்கலாம், இளையவர்கள் நாயர் வீடுகளில் சம்பந்தம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. சொத்து சிதறாமல் இருக்க இதைவிடத் தந்திரமான வழி யாருக்கும் தோன்றியிருக்காது. அப்படிப் பிறந்த தங்கம் அப்பாவின் இல்லத்துக்கு வரலாம், ஆனால் குளித்து வந்த அப்பாவைத் தொடக்கூடாது. தொட்டால் அவர் மறுபடி முழுக வேண்டும். உள்ளே பந்தியில் அவளுக்கு இலை இல்லை. அப்பாவின் சொத்தில் காலணா உரிமை இல்லை. சம்பந்தம் என்பது சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. மலபாரில் பதிவு எதுவும் இல்லாமலே அதைக் கல்யாணமாக ஏற்கும் சட்டம் 1933இல்தான் வந்தது. அதே ஆண்டில் வந்த இன்னொரு சட்டம் நம்பூதிரி இளையவர்களும் சொந்தச் சாதியில் மணக்கலாம் என்றது. திருவிதாங்கூரில், அதாவது நம் திருவனந்தபுரத்திலிருந்து ஆண்ட அரசில், நாயர்களுக்கான சட்டம் 1912இலும் 1925இலும் வந்தது, மலையாள பிராமணர்களுக்கானது 1931இல்.

இதுவரை பார்த்தால் தேதி மேலே, தங்கம் கீழே. கூட்டத்தில் பேசுகிறவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். மேலிருந்தவள் கீழே கை நீட்டினாள், ஆகா என்கிறார்கள்.

ஆனால் தங்கத்துக்கு அம்மா வழித் தரவாடு இருக்கிறது. மருமக்கத்தாயம் என்ற தாய்வழி முறையில் அவள் பிறப்பால் அந்த வீட்டு உறுப்பினர். தலைக்கு மேல் உரிமையுள்ள கூரை, தெருவில் நடக்கும் உரிமை, பள்ளிக்கூடம், இங்கிலீஷ். தேதிக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. வெளியே காலெடுத்து வைத்தால் முகத்தை மறைக்க மறக்குடை, முன்னால் நடக்க ஒரு நாயர்ப் பணிப்பெண். கணவனைப் பகலில் பார்ப்பதே அபூர்வம். பெற்ற தாயைப் போய்ப் பார்ப்பதற்கும் இல்லத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி மறுக்கப்பட்டபோதுதான் அவள் படியிறங்கினாள். சடங்கில் உயர்ந்தவள் வாழ்க்கையில் கட்டுண்டவள். சடங்கில் தாழ்ந்தவள் கையில் புத்தகமும் பாதையும் இருக்கின்றன.

ஆக இந்த நட்பில் இருவரும் ஒருவர்மீது ஒருவர் பொறாமைப்பட நியாயம் உண்டு. படுகிறார்கள். அந்த ஏக்கம் கலந்த பொறாமைதான் நாவலின் உயிர்நாடி என்று நான் நினைக்கிறேன். தேதியின் உள்ளறைக்குள் நுழைய முடியாத தங்கத்துக்கு அந்த அறையே கோயிலாகத் தெரிகிறது. தங்கத்தின் வெளியுலகத்தை எட்ட முடியாத தேதிக்கு அது மூச்சுக்காற்றாகத் தெரிகிறது. ஒருத்தியின் சிறை மற்றவளுக்கு மரியாதை. சாதியும் வசதியும் இல்லாத இரு வெற்று மனங்கள் சந்தித்துக்கொண்டன என்று இதைப் படித்தால் நாவலில் மிச்சம் என்ன இருக்கும்? இரண்டு நல்ல பெண்கள் இருப்பார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. நாவல் தொடங்குவது கங்கைக் கரையில். வயதான தங்கம், வசதியான குடும்பத் தலைவி, திருமதி நாயர், யாத்திரை வந்த இடத்தில் ஒரு சந்நியாசினியைப் பார்க்கிறாள். சுமித்ரானந்தா. ஒரு காலத்தில் தேதிக்குட்டி, அப்புறம் போராட்டக் களத்தில் தேவகி மானம்பள்ளி, தேவி பெஹன், இப்போது காவி. அந்த இடத்தில் யார் மேலே, யார் கீழே? யோசித்துப் பாருங்கள். 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் நிலச் சீர்திருத்தத் திருத்தச் சட்டம் அமலுக்கு வந்து குத்தகைமுறையே ஒழிந்தது. இல்லங்களின் பொருளாதார முதுகெலும்பு முறிந்தது. அதற்கு வெகுகாலம் முன்னாலேயே படித்து உத்தியோகத்துக்குப் போன குடும்பங்கள் நகரங்களில் வேரூன்றிவிட்டன. நாவல் வெளிவந்த 1976இல் தங்கத்தின் வர்க்கம் ஜெயித்துவிட்ட வர்க்கம். ஜெயித்தவள் தோற்றவளை நினைத்துக் கண்ணீர் விடும் நாவல் இது. அந்தக் கண்ணீர் பொய்யில்லை. ஆனால் அந்த உயரத்தில் நின்றுதான் விடமுடிந்தது.

இதை எழுதியவர் யார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். லலிதாம்பிகா பிறப்பால் தேதியின் பக்கம். தன் பக்கத்துக் கதையை எதிர்ப்பக்கத்துப் பெண்ணின் நினைவு வழியாகச் சொல்லத் துணிந்தார். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவளின் கண்ணால் உள்ளே பார்த்தார். தன் சாதிப் பெண்ணின் துயரம் எவ்வளவு பெரிது என்று முழங்குவது சுலபம். அந்தத் துயரம் வெளியே நிற்பவளுக்குப் பாக்கியமாகவும் தெரிந்தது என்று எழுதுவது சுலபமில்லை. நம் வாசகர்கள் அந்த நேர்மையைத் துடைத்தெடுத்துவிட்டு ‘அன்பு’ என்று ஒரே சொல்லில் மூடி வைத்தால், அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

இப்போது இதற்கு நேர் எதிரான அணி ஒன்றும் வந்திருக்கிறது. ‘அக்னிசாட்சி சவர்ண நாவல், அந்தக் காலத்துச் சவர்ணப் பெண்களின் மனக்குறை, நமக்கென்ன’ என்று ஒரே வெட்டில் தள்ளிவிடுகிறவர்கள். இவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. மறக்குடைக்கு முன்னால் நடந்த பணிப்பெண்ணுக்கு அந்த நாவலில் தனி அத்தியாயம் கிடையாது. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பாத்திரம் தேய்த்தவள் யார், இல்லத்து வயலில் இறங்கிக் குனிந்து நாற்று நட்டவள் யார், அவளுக்குத் தோழி உண்டா என்ற கேள்விகளை நாவல் எழுப்பவில்லை. அந்த வயலில் நின்றவளுக்கு இல்லத்தின் படிப்புரை அல்ல, அந்த வழியே விலக்கு. திருவிதாங்கூரில் கோயில் கதவு எல்லோருக்கும் திறந்ததே 1936 நவம்பர் 12 அறிவிப்பில்தான். இதெல்லாம் சரி. ஆனால் இதைச் சொல்லி நாவலைத் தூக்கிப்போட்டால், நட்பின் உள்ளே சலுகை எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் நுட்பமான கருவி ஒன்றையும் சேர்த்துத் தூக்கிப்போடுகிறோம். உருகுகிறவர்களும் உதறுகிறவர்களும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இருவரும் சலுகையை ஒருவரிடம் முழுதாக இருக்கும் அல்லது இல்லாமலே இருக்கும் ஒரு பொருளாக நினைக்கிறார்கள்.

தமிழனுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம் இலக்கியத்தின் முதல் தோழி யார்? சங்கப் பாட்டில் தலைவிக்காகப் பேசி, தூது போய், இரவுக்குறி ஏற்பாடு செய்து, செவிலியிடம் உண்மையை மெல்ல அவிழ்த்து, வரைவு கடாவி, கடைசியில் உடன்போக்குக்கும் வழி சொல்லி அனுப்புகிற அந்தப் பெண், தொல்காப்பியம் வகுத்தபடி, செவிலியின் மகள். அதாவது வளர்த்தவளின் மகள். வேலைக்காரி வயிற்றில் பிறந்தவள் என்று இன்றைக்குச் சொல்வோம். எவ்வளவு அறிவு அவளுக்கு! அகப்பாடல்களில் பாதி அவள் வாய்ச்சொல். ஆனால் அவளுக்கென்று ஒரு காதலன் உண்டா? அவள் இரவில் தூங்காமல் இருந்தால் அது தலைவிக்காக. தலைவி அழுதால் இவள் மெலிவாள். இவள் அழுதால் யார் மெலிந்தார்கள் என்று எந்தத் துறையும் வகுக்கப்படவில்லை. ‘உயிர்த்தோழி’ என்று நாம் கொஞ்சுகிற உறவின் வேரில் ஒரு வேலை ஏற்பாடு இருக்கிறது. அந்த உறவில் அன்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. அன்பு ஏராளமாக இருந்தது. இருந்தும் திணை துறை எல்லாம் ஒருத்திக்கே எழுதப்பட்டன.

சிலப்பதிகாரம் கொஞ்சம் மாறுபட்டது. கண்ணகியின் தோழி தேவந்தி பார்ப்பனப் பெண். கணவன் விட்டுப் போனவள். வணிகர் மாளிகைப் பெண்ணோடு அவளுக்கு நட்பு வரக் காரணமே இருவரும் கணவரால் கைவிடப்பட்டிருந்ததுதான். சடங்கில் மேலிருப்பவள் தேவந்தி, செல்வத்தில் மேலிருப்பவள் கண்ணகி. தேதியும் தங்கமும் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறார்கள். இளங்கோ அதை எதற்கும் மேல் தூக்கி வைக்கவில்லை, சும்மா சொல்லிவிட்டுப் போகிறார். அந்தக் கண்ணகிதான் ஆற்றுக்காலில் அம்மனாக இருக்கிறாள் என்பது இங்குள்ள நம்பிக்கை.

ஆற்றுக்கால் என்றவுடன் எதிர்த்தரப்பின் ஆகப்பெரிய ஆயுதம் ஞாபகம் வருகிறது. பொங்காலை. கும்ப மாதத்துப் பூரத்தன்று இந்த நகரமே அடுப்பாகிவிடும். 1997இல் பதினைந்து லட்சம் பெண்கள், 2009இல் இருபத்தைந்து லட்சம் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கூட்டம். ‘அங்கே போய்ப் பாருங்கள், நடிகையும் மீன்காரியும் ஒரே ரோட்டில் மூன்று செங்கல் வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள், இதற்குமேல் என்ன சமத்துவம்’ என்று கேட்பார்கள்.

போய்ப் பார்த்தவன் சொல்கிறேன். கோயிலின் பண்டார அடுப்பில் பற்றிய தீ அடுப்புக்கு அடுப்பு கைமாறி வருவது மெய்சிலிர்க்கும் காட்சிதான். பக்கத்து அடுப்புக்காரிக்கு ஓலை பற்றவைத்துக் கொடுக்கும்போது யாரும் சாதி கேட்பதில்லை. ஆனால் காலை பத்து மணி வெயிலில் சற்று நின்று கவனியுங்கள். சாலையோர வீட்டுக்காரி தன் கேட்டுக்கு உள்ளே, சிமெண்ட் முற்றத்தில், பந்தலின் கீழே கலம் வைத்திருக்கிறாள். அவள் சிநேகிதிகளுக்கும் அங்கேயே இடம். நாகர்கோவில் பக்கத்திலிருந்து முந்தின நாள் ரயிலில் வந்து தம்பானூர் ஓரமாக இடம்பிடித்து ராத்திரி முழுக்க அந்தச் செங்கல்லுக்குக் காவல் இருந்தவளுக்கு நிழலே கிடையாது. இருவரின் கலத்திலும் ஒரே பச்சரிசி, ஒரே வெல்லம். ஒருத்திக்குக் கால் கழுவ ஐந்தடியில் குளியலறை. மற்றவள் எந்த வீட்டுக் கதவு திறந்திருக்கிறது என்று வெட்கத்தோடு விசாரித்துக்கொண்டு வரிசையில் நிற்கிறாள். திறந்து வைக்கும் வீடுகள் நிறையவே உண்டு, அந்த நல்ல மனசை நான் மறுக்கவில்லை. திறந்து வைக்கிறவள், கேட்டு நுழைகிறவள் என்ற பிரிவு அப்போதும் இருக்கிறது. மத்தியானம் நிவேத்தியம் முடிந்ததும் கூட்டம் கலையும். சாம்பலையும் சருகையும் மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளர்கள் இரவோடிரவாக வாரி எடுப்பார்கள். கழித்துப்போட்ட செங்கல்லைச் சேகரித்து ஏழைகளின் வீட்டுத் திட்டத்துக்குக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். சமத்துவத்தின் மிச்சம் அவர்களுக்குச் செங்கல்லாகப் போய்ச் சேருகிறது.

பொங்காலைக்கு மறுநாள் அதே வீட்டுக்காரியின் வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா எந்த வழியாக உள்ளே வருகிறாள்? கேரள வீடுகளில் சமையலறைக்குப் பின்னால் ‘வொர்க் ஏரியா’ என்று ஓர் இடம் உண்டு. அம்மி, துணி தோய்க்கும் கல், வெளியே போக ஒரு கம்பிக் கதவு. முன்வாசல் வழியாக அவள் வருவதில்லை. யாரும் தடுக்கவில்லை, வருவதில்லை. அங்கே ஜன்னல் திட்டில் அவளுக்கென்று ஒரு ஸ்டீல் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். அதைச் சுட்டிக்காட்டினால் வீட்டுக்காரி மனம் புண்பட்டுப் போவாள். ‘ஐயோ, அவள் எங்கள் வீட்டில் ஓர் ஆளைப்போல அல்லவா, என் கஷ்டமெல்லாம் அவளிடம்தான் சொல்வேன்’ என்பாள். அது முழு உண்மை. தன் கணவனைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் தன் தங்கையிடம் சொல்லாததை அவளிடம் சொல்லியிருப்பாள். அக்கா கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்பதும் அவள் வேலையில் சேர்ந்துவிட்டது, அதற்குச் சம்பளம் கிடையாது. திரும்பத் தன் வீட்டுக் கதையை அவள் எவ்வளவு சொல்வாள்? அடுத்த மாதம் அட்வான்ஸ் கேட்க வேண்டியிருந்தால் அளந்துதான் சொல்வாள். ஒருத்தி மனம் திறந்து பேச, மற்றவள் யோசித்துப் பேச வேண்டியிருக்கும் இடத்தில் நட்பே இல்லையா என்றால், இருக்கிறது. அந்த நட்பின் பெயரைச் சொல்லியே விடுப்பும் சம்பள உயர்வும் கேட்கவிடாமல் செய்வதும் நடக்கிறது. ‘நமக்குள் என்ன கணக்கு’ என்பதை எப்போதும் சொல்வது சம்பளம் கொடுக்கிறவள். வீட்டு வேலைக்காரர்களின் உரிமைக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா ஓட்டுப் போட்டது, இன்றுவரை ஒப்புதல் அளிக்கவில்லை. குடும்பத்தில் ஒருத்திக்குச் சட்டம் எதற்கு என்ற வாதம் எல்லா மாநிலத்திலும் செல்லுபடியாகிறது.

நாவல்களுக்குத் திரும்புகிறேன். ‘கடந்த நட்பு’ என்று சொல்கிறவர்கள் ஒரு சின்னக் கேள்வியைக் கேட்பதே இல்லை. கதையை எழுதுவது இரண்டு தோழிகளில் யார்? ஃபெரான்ட்டேயில் லேனு எழுதுகிறாள், படித்து மேலே போனவள். லீலா தன்னைப் பற்றி எழுதாதே என்று கேட்டும் எழுதுகிறாள். ‘அக்னிசாட்சி’யில் நினைவுகூர்வது தங்கம். ராஜஸ்ரீயின் நாவலில் கண்ணூர் நாட்டுப்புறத்துக் கல்யாணியும் தாக்ஷாயணியும் பள்ளிக்கூடத்தை உதறிவிட்டு வந்தவர்கள். அவர்கள் கதையைச் சொல்வதோ படித்த ஒரு பெண். முகநூலில் துண்டு துண்டாகத் தொடங்கிய அந்த நாவல், இருவரின் பேச்சு மொழியையும் அப்படியே விட்டுவைத்ததற்காக மிகவும் கொண்டாடப்பட்டது. கேரள சாகித்திய அகாதெமி விருதும் வந்தது. நம் திருவனந்தபுரத்து ஆய்வாளர் ஜெ. தேவிகா அதை ஆங்கிலமாக்கினார். பண்படுத்தப்பட்ட குடும்பப் பெண்ணும் சந்தைப் பெண்ணும் எப்படி இரு வகையாக உருவாக்கப்பட்டார்கள் என்று ஒரு புத்தகமே எழுதியவர் தேவிகா. அவர் கைக்கு அந்த நாவல் போனது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. கல்யாணியும் தாக்ஷாயணியும் ஒருவருக்கொருவர் கிட்டத்தட்டச் சமம். அங்கே மேல்கீழ் அவர்களுக்குள் இல்லை, அவர்களுக்கும் கதை சொல்கிறவளுக்கும் நடுவே இருக்கிறது. ராஜஸ்ரீ அதை ஒளிக்கவில்லை. ஒளிப்பது அதை ‘மண்வாசனை’ என்று மோந்துபார்த்துப் பரவசப்படும் வாசகர்கள்.

பேனா எப்போதும் மேலே போனவள் கையில் இருக்கும் என்றால், மற்றவள் பேனாவை எடுத்தால் என்ன ஆகும்? இந்த ஊரிலேயே அது நடந்திருக்கிறது. தலைமைச் செயலகத்துக்குக் கூப்பிடு தூரத்தில் செங்கல்சூளை. இன்று ராஜாஜி நகர் என்று பெயர். செயலகக் கட்டடத்துக்கே செங்கல் சுட்ட இடம் என்று சொல்வார்கள். நகரத்தின் வாயில் அந்தப் பெயர் பல காலமாக ஒரு வசவு. அங்கே வளர்ந்து, பள்ளிப் படிப்பை முடிக்காமல், வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனையில் வேலை பார்க்கும் தனுஜா குமாரி 2014இல் ‘செங்கல்சூளையிலெ என்டெ ஜீவிதம்’ என்று தன் வாழ்க்கையை எழுதினார். அது நாவல் இல்லை, தெரியும். ஆனால் நாவல்களில் காலங்காலமாக வர்ணிக்கப்பட்டு வந்தவள் தானே வர்ணித்ததால் அதை இந்த வரிசையில் வைத்தே தீர வேண்டும். பத்தாண்டு கழித்து அது கண்ணூர், கோழிக்கோடு பல்கலைக்கழகங்களில் பாடமாயிற்று. அதன்பிறகு செய்தியாளர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

அந்தப் புத்தகத்தைப் பற்றிய கூட்டங்களில் என்ன பேசப்படுகிறது என்று கவனித்தேன். ‘எவ்வளவு துயரம், எவ்வளவு துணிச்சல், நம் சகோதரி.’ மறுபடியும் அதே பூச்சு. சகோதரி என்று அணைத்துவிட்டால் அவர் சொன்ன குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. முகவரியைச் சொன்னால் பள்ளிக்கூடத்தில் ஒரு பார்வை, வேலை கேட்டால் ஒரு பார்வை. அந்தப் பார்வையைப் பார்த்தவர்கள் யார்? இந்த நகரத்தின் படித்த பெண்களும்தான். வாசகர் வட்டத்துக்கு வருகிறவர்களும்தான். அவர் அப்படி எழுதியிருக்கும்போது ‘நாமெல்லாம் பெண்கள்’ என்று பதில் சொல்வது காது கேளாததுபோல நடிப்பது.

நட்பே கூடாது, வர்க்கம் வேறென்றால் பேசவே கூடாது என்று நான் வாதாடுவதாகச் சிலர் நினைக்கலாம். தேதிக்குத் தங்கம் இல்லாவிட்டால் அந்த இல்லத்தில் ஒரு ஜன்னலும் இருந்திருக்காது. அது எனக்கும் தெரியும். அந்த ஜன்னல் வழியாக ஒருத்தி வெளியேயும் மற்றவள் உள்ளேயும் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன். அடுத்த முறை ‘இந்த நட்பு வர்க்கத்தைக் கடந்தது’ என்று மேடையில் யாராவது சொன்னால், புத்தகத்திலிருந்தே மூன்று விஷயங்களைக் காட்டச் சொல்லிக் கேட்கப்போகிறேன். அவர்கள் சந்தித்தது யார் வீட்டில்? அங்கே போக யார் அனுமதி கேட்டாள்? சண்டை வந்தபோது யாருக்கு நஷ்டம் அதிகம்?